ஸ்டான்லின்னா கல்லுக்காடு

ஏலே ஸ்டான்லி, அழுதது போதும், அத்தை மடியில சாயி. உன்கூடப் படிக்கிற லியோ பேருக்குச் சிங்கம்னு அர்த்தமாம், உன் பேருக்குக் கல்லுக்காடாம், அதனால நாளையிலேருந்து பேர மாத்தணுமாம்! நல்லாருக்குலே நியாயம்! கதையக் கேளு. ‘ம்’ கொட்டலன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தான். நம்ம ஊரு இல்லலே, வெள்ளக்கார ஊரு. வெள்ளக்காரன்னா எல்லாரும் தொரைன்னு நெனைக்காத, இவன் கஞ்சிக்கில்லாதவன். நல்ல வயலெல்லாம் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. இவனுக்குக் காட்ட வெட்டித் திருத்துன ஒரு பொட்டல்தான் கெடச்சுது. முழுக்கக் கல்லு! அந்தூருப் பழைய பாஷையில ஸ்டான்னா கல்லு, லீன்னா காட்ட வெட்டி எடுத்த வெளி. நம்ம ஊர்ல ‘கடையநல்லூராரே’ன்னு கூப்பிடுதோம்லா, அதே மாதிரி அவனையும் எடத்தோட பேரச் சொல்லி, ‘ஏ ஸ்டான்லி!’ன்னு கூப்பிட்டுச் சிரிச்சாங்க. கேக்கியா?

“ம்.”

அப்புறம் கேளு அநியாயத்த! அவங்கவங்க வயல்ல கெடந்த கல்லையும் பொறுக்கி இவன் காட்டுல எறிஞ்சாங்க. டங்! டங்! டங்! இவன் என்ன செஞ்சான் தெரியுமா? எறிஞ்ச கல்லையெல்லாம் அடுக்கி, தன் கையால ஒரு வீடு கட்டிக்கிட்டான்.

அப்போ வந்துதே மழை! சோ...ன்னு! ஆத்தங்கரை படார்னு ஒடஞ்சுட்டு. தண்ணி ஊருக்குள்ள வருது! மண்ணக் கொட்டுனாங்க, கரைஞ்சுட்டு. மரத்த வெட்டிப் போட்டாங்க, சர்ருன்னு மெதந்து போயிட்டு. புள்ளைங்கல்லாம் கூரை மேல ஏறி ‘அம்மா’ன்னு கத்துது. இனி கல்லுதான் வேணும். கல்லு யார்ட்ட இருக்கு?

“ஸ்டான்லிட்ட!”

ஆங்! ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பாங்க? தலையக் குனிஞ்சு நிக்காங்க. அவனே சத்தம் போட்டான்: ‘என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? நீங்க எறிஞ்ச கல்லுதான? வீட்டப் பிரிங்க!’ கடகடகடன்னு வீடு எறங்குது, மடமடன்னு கரை ஏறுது. நின்னுட்டுலே தண்ணி!

அப்புறம் கல்லெறிஞ்ச அத்தன பேரும் சேந்து அவனுக்குப் புது வீடு கட்டிக் குடுத்தாங்க. ஊர்ல அடுத்துப் பொறந்த புள்ளைக்கு ஆசையா ஸ்டான்லின்னு பேரும் வச்சாங்க. கதை அத்தை கட்டுனது, ஆனா அர்த்தம் நெசம்லே.

நாளைக்கு லியோ ஏதும் சொன்னா கேளு: ‘வெள்ளம் வந்தா உன் சிங்கம் எங்கல ஏறி நிக்கும்?’

“கல்லு மேல!”

அப்படிச் சொல்லு! கரைய அடைச்சாச்சு, கதைய முடிச்சாச்சு. கண்ண மூடுலே, என் கல்லுக்காடே.