செல்லக்கனி வீட்டுச் சோறு

வேதமுத்து ஓட்டிய லாரியில் அடிபட்டு ஒருவர் இறந்துபோனார். அன்று வேதமுத்து குடித்திருந்தார். சிறைக்குப் போனார். தண்டனை முடிந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எப்சிபா அம்மாவிடம் போய் நின்றார்.

வீட்டார் கைவிட்ட நோயாளிகளைத் செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஓர் இல்லம் கட்டி வைத்துப் பராமரித்து வந்தவர் எப்சிபா. அவருக்கு நாற்பது வயதிருக்கும். வேதமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் அந்த இல்லத்தில் எப்சிபாதான் குரு, வேதமுத்துதான் சீடர்.

ஆறு வருஷம் ஓடியது. வேதமுத்து புண் கழுவினார், மலம் அள்ளினார், கிணற்றில் இறங்கித் தூர் வாரினார். காய்ச்சல் வந்தாலும் படுக்கமாட்டார். படுத்தால் பயமாக இருக்கும்.

ஒரு நாள், நோயாளி ஒருவரின் காலுக்கு இருவருமாக மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"மனுஷன் ரட்சிக்கப்படுறது தேவனோட கிருபையாலயா, அவன் செய்யுற நற்கிரியையாலயா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"கிருபைதான்னா நான் இத்தனை செய்யுறது வீண். கிரியைதான்னா இன்னும் எவ்வளவு செய்யணும்னு தெரியணும். பத்தலை, பத்தலைன்னு உள்ள ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு."

எப்சிபா கட்டின் நுனியை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"நாளைக்கு மத்தியானம் என்கூட வாங்க. செல்லக்கனி வீட்டுல சாப்பாடு."

வேதமுத்துவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து மருந்து கொட்டியது. செல்லக்கனி, அவர் லாரியில் அடிபட்டு இறந்தவரின் மனைவி. ஏற்கெனவே மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தாள். மூன்று முறையும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா அங்க போறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு."

மறுநாள் போனார்கள். முற்றத்தில் கருவேலங்கட்டைகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு கோடாலி. செல்லக்கனி வாசலுக்கு வந்து "வாங்க" என்றாள். வேதமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கோடாலியைப் பார்த்தார்.

"இதைப் பிளந்து போட்டுட்டு வாரேன் தாயி."

"சாப்பிட்டுட்டுப் பாத்துக்கிடலாம்."

"இல்ல. இதை முடிச்சாத்தான் உள்ள வர எனக்குக் கால் வரும்."

எப்சிபா உள்ளே போய்க் கை கழுவி இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வேதமுத்து பிளந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. நிறுத்தவில்லை. அடுத்த கட்டையை இழுத்துப் போட்டபோது, அதன் மேல் ஒரு கால் வந்து நின்றது.

"எத்தனை கட்டை பிளந்தா எம் புருசன் திரும்பி வருவாரு?" என்றாள் செல்லக்கனி.

வேதமுத்து கோடாலியைத் தரையில் வைத்தார்.

"சொல்லும்."

"வரமாட்டாரு தாயி."

"தெரியுதுல்லா? நீரு சீக்காளிக்குப் புண் கழுவுறீருன்னு கேள்விப்பட்டு நான் உம்மை மன்னிக்கல. நீரு ஜெயில்ல இருக்கும்போதே மன்னிச்சாச்சு. உமக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரல. சோறு ஆறுது, வாரும்."

வேதமுத்து உள்ளே போனார். இலை முன்னால் உட்கார்ந்தார். சாளைமீன் குழம்பு. முதல் கவளத்தை வாயில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு அழுதார். செல்லக்கனி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"உப்பு பத்துதா?"

"பத்துது" என்றார். ஆறு வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு இலையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு வைம்மா" என்று தானாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவியதும் முற்றத்துக்கு வந்து கோடாலியை எடுத்தார். இந்த முறை செல்லக்கனி தடுக்கவில்லை. மிச்சக் கட்டைகளையும் பிளந்து, மழை படாத இடமாகப் பார்த்துத் தாழ்வாரத்தில் அடுக்கினார். வாய் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தது.

இருவரும் இல்லத்துக்குத் திரும்பி நடந்தார்கள். செம்மண் மேட்டில் ஏறும்போது வேதமுத்து சொன்னார்.

"அம்மா, முன்னாடி பிளந்ததும் அதே கட்டை. பின்னாடி பிளந்ததும் அதே கட்டை. ஆனா பின்னாடி கோடாலி கனமே தெரியல."

"ம்."

"நான் அந்தக் கட்டையைத் தொடவே இல்லைன்னாலும், அவங்க சோறு போட்டிருப்பாங்கதானே?"

"போட்டிருப்பா. நீங்க கட்டை பிளப்பீங்கன்னு எண்ணியா உலை வச்சா?"

"அப்ப, மிச்சக் கட்டையைப் பிளக்காமலே வந்திருக்கலாமே?"

எப்சிபா நின்றார். வேதமுத்துவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வந்திருக்கலாம் அண்ணே. நீங்க சாப்பிடாம இருந்திருந்தா. சாப்பிட்ட கை சும்மா இருக்கலியே, தானாப் போய்க் கோடாலியை எடுத்துச்சே."