மாட்டேன் என்று சொன்ன காட்டுக்கோழி

ஒரு காட்டில், யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடும் காட்டுக்கோழி ஒன்று இருந்தது, பிள்ளைகளே. தவிட்டு நிறமாக இருந்ததால் அதற்குத் தவிட்டி என்று பெயர்.

மயில் வந்து, "என் ஆட்டத்தைப் பார்" என்றால், கழுத்து வலிக்கும்வரை பார்க்கும். குரங்கு வந்து, "முதுகில் பேன் கடிக்கிறது" என்றால், தன் இரையை விட்டுவிட்டு அதன் முதுகைக் கொத்திக்கொண்டிருக்கும். 'ஏன்தான் சரி என்றேனோ!' என்று மனதுக்குள் மட்டும் புலம்பும்.

ஒரு சமயம் தவிட்டி முட்டையிட்டு அடைகாத்தது. சூரைமுள் புதருக்குள் கூடு. உள்ளே நுழைய ஒரே ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்தபடி தவிட்டியின் அலகு.

அந்த முட்டைகளின் மேல் ஒரு மரநாய்க்குக் கண். ஆனால் முட்டை திருடப் போன கீரி, மூக்கெல்லாம் ரத்தமாகத் திரும்பி ஓடியதை அது பார்த்திருந்தது. ஆகவே, திருடுவதைவிட உதவி செய்வதே மேல் என்று முடிவு செய்தது.

ஒரு நாள் மாலை சந்துக்கு வெளியே வந்து நின்றது.

"அக்கா, சாப்பிட்டீர்களா? ஐயோ, எப்படி இளைத்துவிட்டீர்கள்! போய் நிம்மதியாக இரை பொறுக்கிவிட்டு வாருங்கள். அதுவரை முட்டைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

திருட வந்தவனைக் கொத்தத் தவிட்டிக்குத் தெரியும். "அக்கா" என்று வந்து நிற்பவனை என்ன செய்வது என்றுதான் தெரியாது.

"ரொம்ப நன்றி, தம்பி. ஆனால் முடியாதே! முட்டைக்குச் சூடு வேண்டும். உனக்குத்தான் இறகு இல்லையே" என்று சமாளித்தது.

"இவ்வளவுதானா? நாளைக்கு வருகிறேன்" என்று மரநாய் போய்விட்டது.

மறுநாள் மாலை ஒரு வெள்ளை மூட்டை நடந்து வந்தது. தவிட்டி அலகை நீட்டியது.

"நான்தான் அக்கா!" என்றது மூட்டை. "உடம்பெல்லாம் ஆலம்பால் பூசிக்கொண்டு இலவம்பஞ்சில் புரண்டு வந்தேன். தொட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கிறது. நீங்கள் கிளம்புங்கள்!"

"அழகாகத்தான் இருக்கிறாய். ஆனால்... குஞ்சுகளுக்கு என் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தம்பி. இல்லாவிட்டால் முட்டைக்குள்ளேயே பயந்துவிடும். உன்னால் முடியாதே!"

மரநாய் யோசித்துக்கொண்டே போனது. அடுத்த நாள் தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது.

"கொக்... கொக்... கொர்ர்ர்!"

"கடைசியில் கொஞ்சம் உறுமல் வந்துவிடுகிறது, அக்கா. போகப் போகச் சரியாகிவிடும்."

தவிட்டிக்குத் தலை சுற்றியது. "முட்டையை அடிக்கடி புரட்டிவிட வேண்டும். உன் நகம் பட்டால் ஓடு உடைந்துவிடுமே" என்றது.

மரநாய் நேராகப் பாறைக்குப் போய் நகங்களைத் தேய்க்க ஆரம்பித்தது. கர்ர்ர் கர்ர்ர் என்ற ஓசை புதர்வரை கேட்டது. பசிக்கிறது என்ற நினைப்பே தவிட்டிக்குப் போய்விட்டது. அடுத்து என்ன சாக்குச் சொல்வது என்பதே கவலை. எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் மரநாய் நொண்டிக்கொண்டு வந்து பாதத்தைக் காட்டியது. நகங்கள் மழமழவென்று இருந்தன.

"இனி என்ன குறை, அக்கா? எழுந்திருங்கள்."

தவிட்டி பாதி எழுந்தேவிட்டது. "அது வந்து... தம்பி... இப்போது முடியாது..."

மரநாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெற்றி கிடைத்த மகிழ்ச்சியில் வாயை அடக்கவும் தெரியவில்லை.

"முடியாது, முடியாது என்றே சொல்கிறீர்களே! முடியாததையெல்லாம்தான் நான் முடித்துக்கொண்டு வந்துவிட்டேனே! முதல் நாளே 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? பேசாமல் திரும்பிப் போயிருப்பேன்!"

தவிட்டி அப்படியே நின்றது. "என்ன சொன்னாய்?"

"எதை?"

"என்ன சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பாய்?"

"மாட்டேன் என்று."

"மாட்டேன்" என்றது தவிட்டி. சொல்லிவிட்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

மரநாய் விழித்தது. "ஏன் அக்கா? சூடு போதாதா? இன்னும் கொஞ்சம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வரட்டுமா?"

"பஞ்சு போதும். மாட்டேன்."

"என் சத்தம் சரியில்லையா?"

"நன்றாகவே இருக்கிறது. மாட்டேன்."

"காரணத்தைச் சொல்லுங்கள், அக்கா! அதையும் சரிசெய்துவிடுகிறேன்!"

"காரணம் ஒன்றும் இல்லை, தம்பி. மாட்டேன்."

மரநாய் சந்துக்குள் மெல்ல முகத்தை நீட்டிப் பார்த்தது. மூக்குக்கு நேரே அலகு. சட்டென்று பின்வாங்கியது.

"உதவி செய்ய வந்தவனிடம் இப்படியா பேசுவது!" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் மரத்தில் ஏறப் பார்த்தது. நகம் தேய்ந்த கால்கள் வழுக்கின. தொப்பென்று கீழே விழுந்தது. வேரில் உட்கார்ந்து, பஞ்சையும் ரோமத்தையும் சேர்த்துப் பிய்த்தபடி, போவோர் வருவோரிடமெல்லாம் தவிட்டியைப் பற்றிக் குறை சொன்னது.

"அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது" என்றது மயில்.

"இனி நம் பேனை யார் பார்ப்பது?" என்று கவலைப்பட்டது குரங்கு.

இதெல்லாம் தவிட்டியின் காதில் விழாமல் இல்லை. மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. மயிலைக் கூப்பிட்டு ஏதாவது சமாதானம் சொல்லலாமா என்றுகூட நினைத்தது.

அப்போது வயிற்றுக்கு அடியில் 'டிக்' என்று ஓர் ஓசை. முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்குப் பிறகு மயில் என்ன சொன்னது என்று கேட்கத் தவிட்டிக்கு நேரம் இருக்கவில்லை.

நீதி: மனம் ஒப்பாத காரியத்துக்குச் சாக்குத் தேடாதே, மாட்டேன் என்று சொல்லிவிடு.