செம்பருந்து தோற்ற வருஷம்

“திங்கட்கிழமை படகை விறகுக்குப் போடப் போறேன், சாமி. சரிதானே?”

கேட்டுவிட்டு ராக்கப்பன் மணலில் உட்கார்ந்தார். ஊரே யோசனை கேட்க வரும் உப்பளத்துச் சாமி பனங்கிழங்கில் நார் உரித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. சாமிக்குத் தாடி மட்டும் கூடுதல்.

செம்பருந்து என்பது ராக்கப்பனுடைய பந்தயப் பாய்மரப் படகு. தாத்தா கட்டியது. போன மாசம் வரை தோற்றதே கிடையாது. இப்போது ராசி போன படகு என்று ஒருத்தனும் ஏற மாட்டேன் என்கிறான். ஊர் வாயைக் கேட்கவா வேணும்.

சாமி படகின் கதையைச் சொல்லச் சொன்னார்.

தாத்தா ஜெயித்தது, அப்பா ஜெயித்தது, புயலுக்கு மறுவருஷம் ஜெயித்தது, தானே சுக்கான் பிடித்து ஜெயித்தது என்று ராக்கப்பன் அடுக்கிக்கொண்டே போனார். சாமி கொட்டாவி விட்டார். அப்புறம் குறட்டையே விட்டார்.

ராக்கப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தோத்த கதையையாவது கேளுங்க.”

சாமி கண்ணைத் திறந்தார்.

காற்று ஏறினால் படகு சாயும். சாயாமல் இருக்க, குறுக்கே நீட்டிய பலகையின் நுனியில் ஆட்கள் போய் நிற்பார்கள். அன்றைக்கு, ஒட்டி வந்த அடுத்த ஊர்ப் படகின் பலகையிலிருந்து ஒருத்தன் வழுக்கி விழுந்தான். விழுந்தவனைப் பின்னால் வரும் விசைப்படகு தூக்கிக்கொள்ளும், பந்தயப் படகு நிற்காது. அதுதான் வழக்கம். விசைப்படகு எங்கேயோ தூரத்தில் கிடந்தது. அவனுடைய படகு நிற்காமல் போய்விட்டது. ராக்கப்பன் பாயைத் தளர்த்திச் செம்பருந்தைத் திருப்பினார்.

“தலை முங்கிருச்சு சாமி. கையை நீட்டினேன். என் விரலை ஒரு பிடி பிடிச்சான் பாருங்க, இன்னும் வலிக்குது.”

சாமி கிழங்கைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்புறம்?”

“இழுத்துப் போட்டோம். தண்ணியைக் கக்கினான். இது எந்தப் படகுன்னு கேட்டான். செம்பருந்துன்னேன். அழுதுட்டான்.”

“ஆள் யாரு?”

“சூசைன்னு பேரு. போன வாரம் அவன் மகளுக்குக் காதுகுத்து. வீட்டுக்கே வந்து கூப்பிட்டான். நான் போகலை. தோத்துட்டு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?”

சாமி கிழங்கை மறுபடி கையில் எடுத்தார்.

“விறகுக்குப் போடுறதுன்னா போடு, ராக்கப்பா. அதுக்கு முன்னாடி சூசைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடு.”