ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில்

"டீச்சர், ஒன்பதாயிரம் லைக்! ஆனா ஒரு ஆள்கூட வரல!"

சிகாமணி மூச்சிரைக்க வந்து நின்றார்.

குருவுக்கு வயது இருபத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. திருச்சி பாலக்கரையில், பார்வையற்ற மாணவர்களுக்காக ஒரு மாடி அறையில் சங்கம் நடத்துகிறவர் எஸ்தர் டீச்சர். அவருக்கும் பார்வை கிடையாது. சிகாமணி விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூன்று வருடமாகச் சங்கத்தின் முகநூல் பக்கம் அவர் கையில்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏழு மாணவர்களுக்கு வரலாற்றுப் பரீட்சை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஏழு பேர் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. அந்த ஏழில் பூங்கொடிக்கு இதுதான் கடைசித் தாள்.

இப்போது மணி மாலை நான்கு.

"என்ன போட்டீங்க சார்?"

"பிரமாதமான போஸ்டர் டீச்சர். குத்துவிளக்கு, தாமரை, ரெண்டு கை. தங்க எழுத்துல, 'விழியற்றோர்க்கு விழியாவோம்'!"

டீச்சர் தன் போனில் பக்கத்தைத் திறந்து காதில் வைத்தார். போன் அவருக்கு வாசித்துக் காட்டியது.

"படம்."

"அப்புறம்?" என்றார் சிகாமணி.

"அவ்வளவுதான் சார். படம்னு சொல்லுது. நிறுத்திக்குது. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தைப் போனால வாசிக்க முடியாது."

சிகாமணிக்குக் காது சூடானது. பார்வையற்றோர் சங்கத்தின் போஸ்டர்!

"சரி, கீழ என்ன எழுதியிருக்காங்க? படிங்க" என்றார் டீச்சர்.

"வாழ்த்துகள்... கும்பிடுற கை... தெய்வம்யா நீங்க... கும்பிடுற கை..."

"ம்."

"'என் கையெழுத்து சுமாரா இருக்கும், பரவாயில்லையா?'ன்னு ஒருத்தர்."

"அதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"ஹார்ட் போட்டேன் டீச்சர்."

டீச்சர் அடுத்ததைப் படிக்கச் சொன்னார்.

"எனக்கு வரலாறே தெரியாது, நான் வரலாமா?"

"அதுக்கு?"

"ஹார்ட்டு."

"வேற?"

"எந்த பஸ் ஸ்டாப்ல இறங்கணும்?" சிகாமணியின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கும் ஹார்ட்டுதான்."

"அந்த மூணு பேருக்கும் இப்பவே பதில் சொல்லுங்க. வரலாறு தெரியாதவங்கதான் வேணும், அதுதான் காலேஜ் விதி. தெரிஞ்சவங்க வந்தா உள்ளயே விட மாட்டாங்க."

சிகாமணி எழுதினார். கையெழுத்துக்காரர் உடனே வருவதாகச் சொன்னார். வரலாறு தெரியாதவர் குதித்துக்கொண்டு சரி என்றார். பஸ் ஸ்டாப் கேட்டவர், "பதிலே காணோமேன்னு மத்தியானம் ஊருக்குப் புறப்பட்டுட்டேன் சார்" என்றார்.

அது சிகாமணிக்குச் சுருக்கென்று தைத்தது.

"இன்னும் அஞ்சு பேர் டீச்சர். வேற போஸ்டர் போடட்டுமா? இந்தத் தடவை சூரியன் உதிக்கிற மாதிரி..."

"சார், நீங்க இதுவரைக்கும் எத்தனை பரீட்சை எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"நானா? நான் வந்து... இந்தப் பக்கத்தைப் பாத்துக்கிறதுலயே..."

"உங்களுக்கு வரலாறு தெரியுமா?"

"சுத்தமா தெரியாது."

"நாளைக்குப் பத்து மணிக்கு எங்க இருப்பீங்க?"



சிகாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கும் இல்லை, தாமரையும் இல்லை. வெறும் எழுத்தாகத் தட்டினார்.

'என் பெயர் சிகாமணி. நாளைக் காலை ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில் நிற்பேன். பூங்கொடி என்ற மாணவி சொல்லச் சொல்ல அவளுடைய பரீட்சையை எழுதப் போகிறேன். நான் பரீட்சை எழுதி முப்பது வருடமாகிறது, பயமாகத்தான் இருக்கிறது. என்னோடு இரண்டு பேர் வருகிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும். இது என் நம்பர்.'

டீச்சர் தன் போனைக் காதில் வைத்தார். போன் முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரை வாசித்தது. டீச்சர் அதை அப்படியே பூங்கொடிக்கு அனுப்பினார். பூங்கொடி தன் தெருவில் இருக்கும் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். தோழிகள் அவரவர் அத்தை, சித்தி, மாடிவீடு என்று ஒருவரையும் விடவில்லை.

ஐந்து மணிக்கு முதல் போன் வந்தது!

"சார், நான் மருந்துக்கடையில இருக்கேன். லீவு சொல்லிட்டேன். பேனா நாங்களே கொண்டு வரணுமா?"

"வேணாம் தம்பி, நீங்க வந்தா போதும்!"

அடுத்த கால் மணியில் இன்னொன்று. அதைப் பேசி முடிப்பதற்குள் இன்னொன்று! சிகாமணி எழுந்து அறைக்குள் நடந்தார், விரல் விட்டு எண்ணினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு ஆள்தான் பாக்கி!"

போன் அடித்தது. ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"அண்ணே, நான் ஆஸ்டல்ல சமையல் பண்றேன். பன்னெண்டாவதோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் காலேஜ் வாசப்படிய மிதிச்சதே இல்ல. நானெல்லாம் வரலாமா?"

"டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார் சிகாமணி. நீங்களே பதில் சொல்லுங்கள் என்பதுபோல் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்கம்மா" என்றார் சிகாமணி. "வாசல்ல எனக்காக நில்லுங்க. உங்கள விட்டுட்டு நான் உள்ள போக மாட்டேன்."