ஏழுகடல் காத்த கப்பல்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுப் பரணில், துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றுக்குள் மூன்று வீடியோ கேம் கேசட்டுகள் குடியிருந்தன. ஒன்றின் பெயர் ரேஸ். இன்னொன்று டாங்கி. மூன்றாவது ஏழுகடல். வருஷம் முழுக்க அவற்றைச் சீந்துவார் கிடையாது. அரையாண்டுப் பரீட்சை லீவு வந்து, வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கினால்தான் அந்த டின்னுக்கு விடியும்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா கிரேஸியும் தம்பி செல்வினும். சின்ன வயதில் லீவெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடியவர்கள். இப்போது அக்காவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. தம்பிக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் டிசம்பர் கடைசியில் கிரேஸி வந்து இறங்கினால், கையிலிருக்கிற பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "ஏல செல்வின், டின்ன எறக்கு" என்பாள். அவள் புருஷன் தலையில் அடித்துக்கொள்வார். அதை யார் கண்டுகொண்டார்கள்?

பகலெல்லாம் ஆட்டம். சாயங்காலம் கேசட்டுகளை டின்னில் போட்டு மூடியதும் உள்ளே கச்சேரி ஆரம்பித்துவிடும். அன்றைக்கு யார் எப்படி ஆடினார்கள், எங்கே சிரித்தார்கள், எங்கே சண்டை போட்டார்கள் என்று ஒன்று விடாமல் பேசித் தீர்க்கும்.

"தம்பிக்கு இன்னும் அந்தக் கடைசி வளைவு பிடிபடல," என்று ரேஸ் சிரிக்கும். "மரத்துலயே கொண்டு போய் முட்டுதான். அக்கா விழுந்து விழுந்து சிரிக்கா."

"என் கோட்டைய இன்னைக்கு எத்தன தடவ இடிச்சாங்கன்னு கணக்கே இல்ல," என்று டாங்கி பெருமையாகச் சொல்லும். "இடிச்சா என்ன? மறுபடியும் கட்டிக் குடுத்துட்டேன்."

ஏழுகடல் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாது. அதற்கு மற்ற இரண்டையும் பார்த்தால் இளக்காரம். சுவிட்சை அணைத்தால் ஆட்டம் நின்ற இடத்தைத் தொலைத்துவிடுகிற ஜென்மங்கள்! நேற்று எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். ஏழுகடல் அப்படியில்லை. அதன் வயிற்றுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருந்தது. ஆட்டத்தை எந்தத் துறைமுகத்தில் நிறுத்தினாலும், கப்பல் அங்கேயே நிற்கும்படி அந்தப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். மறுநாள் வந்தால் அங்கிருந்தே பாய் விரிக்கலாம்.

அக்காவும் தம்பியும் ஒரு லீவு முழுக்க மெனக்கெட்டு அதில் ஆறு கடல்களைத் தாண்டியிருந்தார்கள். ஏழாவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கப்பல் ஆறாவது கடலின் துறைமுகத்தில் நின்றது.

அன்று பிடித்தது பயம். ஏனென்றால் ஏழுகடலுக்குள் ஒரு கப்பலுக்குத்தான் இடம் உண்டு. யாராவது 'புதிய ஆட்டம்' என்பதை அமுக்கிவிட்டால் பழைய கப்பல் இருந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

அடுத்த டிசம்பரில் ஏழுகடலைப் பெட்டியில் செருகினார்கள். திரையில் இரண்டே வரிகள். மேலே 'புதிய ஆட்டம்', கீழே 'தொடரவும்'. தம்பியின் கட்டைவிரல் மேல்வரியில் வந்து நின்றது. நின்றதுதான் தாமதம், ஏழுகடலுக்கு உயிரே போய்விட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பெட்டியோடு பேசுகிற தன் பித்தளைப் பற்களை இறுகக் கடித்துக்கொண்டது. திரையெல்லாம் கோடு கோடாக ஓடியது.

"தூசி அடைச்சிருக்கு," என்றான் செல்வின். கேசட்டை உருவி, வாயைக் குவித்து, பல்வரிசையில் 'ஃபூ' என்று ஊதினான். மறுபடி செருகினான். ஏழுகடல் இன்னும் இறுக்கிக் கடித்தது. அவன் இன்னும் பலமாக ஊதினான். கடைசியில் அலுத்துப்போய் டாங்கியை எடுத்துச் செருகினார்கள். ஏழுகடல் தப்பித்த நிம்மதியில் டின்னுக்குள் படுத்துக்கொண்டது.

அதிலிருந்து வருஷாவருஷம் இதே கூத்துதான். அவர்கள் செருகுவார்கள், அது பல்லைக் கடிக்கும், அவர்கள் ஊதுவார்கள். முதல் வேலையாக அதைத்தான் எடுப்பார்கள் என்பதால் அதன் பயமும் கூடிக்கொண்டே போனது.

"ஒனக்கு ஒரு நாளாவது ஆடணும்னு தோணலையா?" என்று ரேஸ் ஒரு தடவை கேட்டது.

"ஆடி எல்லாத்தயும் தொலைக்கவா? நீங்க தொலைக்க ஒண்ணுமில்லாத ஆளுங்க. ஒங்களுக்கு என்ன தெரியும்?"

ரேஸ் டாங்கியின் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டது.

டின் அமைதியான பிறகு ஏழுகடல் தன் வயிற்றுக்குள் மெல்லக் கேட்கும். "கப்பல் பத்திரமா?"

"ம்," என்னும் பேட்டரி.

அந்த ஒரு 'ம்' போதும். அதைக் கேட்டால்தான் தூக்கம் வரும். காலம் போகப் போக அந்த 'ம்' கொஞ்சம் தாமதமாக வந்தது. பிறகு கேட்டும் கேட்காமலும் வந்தது. ஒருநாள் வரவேயில்லை.

தூங்குகிறதாக்கும் என்று ஏழுகடல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பாவம், வயதாகிவிட்டது, எழுப்பக் கூடாது. அதற்கப்புறமும் தினமும் கேட்டது. ஆனால் ஒரே தடவைதான் கேட்கும், அதுவும் மிக மெல்ல. இரண்டாவது தடவை கேட்க அதற்குத் தைரியம் வந்ததே இல்லை.

இப்படி இருக்கையில் இந்த டிசம்பர் வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தார்கள். நடையில் ஒரு சாக்கு வாய் பிளந்து நின்றது. அதற்குள் பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டியும், கீறல் விட்ட மிக்ஸி ஜாரும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன.

"பழைய சாமான்காரர் சாயங்காலம் வாராரு," என்றான் செல்வின். "ஓடுற கேசட்ட வச்சுக்கிடுவோம். ஓடாதத சாக்குல போட்ரலாம். என்னக்கா?"

கிரேஸி டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ரேஸைச் செருகினார்கள். ஓடியது. செல்வின் வழக்கம்போல மரத்தில் முட்டினான். டாங்கியைச் செருகினார்கள். அதுவும் ஓடியது. பிறகு ஏழுகடல் அவன் கைக்குப் போனது.

ஏழுகடலுக்குக் கைகால் இருந்திருந்தால் வெடவெடவென்று நடுங்கியிருக்கும். பல்லைத் திறந்தால் 'புதிய ஆட்டம்'. திறக்காவிட்டால் சாக்கு. சாக்குக்குள் போன மிக்ஸி ஜார் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்; சம்மட்டியால் நொறுக்கி எடைக்குப் போடுவார்கள். அப்போது கப்பலும் சேர்ந்துதான் நொறுங்கும். திறப்பதே மேல். கட்டைவிரல் இந்த முறையாவது கீழ்வரிக்கு இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, இத்தனை காலத்தில் முதல் தடவையாகத் தன் பற்களைத் தளர்த்தியது.

திரையில் கோடு கோடாக ஓடியது.

கேசட் செருகுகிற பெட்டி உள்ளிருந்து கத்தியது. "பல்லத் தொற! ஒரு வார்த்தையும் கேக்கல."

"தொறந்துதான் இருக்கேன்!"

"என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு!"

"தொறந்துட்டேன், தொறந்துட்டேன்!" என்று ஏழுகடல் அலறியது. பெட்டிக்கு ஒன்றும் எட்டவில்லை. ஏழுகடல் தன் பற்களைத் தானே தடவிப் பார்த்தது. ஒன்றில்கூட உணர்ச்சி இல்லை. அவற்றின் மேல் ஏதோ தடிப்பாகப் படர்ந்திருந்தது. இத்தனை நாள் வாயை மூடியிருந்தது தான்தான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது திறக்க நினைத்தாலும் முடியவில்லை.

செல்வின் உருவி எடுத்து ஊதினான். செருகினான். மறுபடி ஊதினான். "சரிக்கா, இது செத்துப்போயிட்டு," என்று சாக்கைப் பார்த்து எறிந்தான்.

சாக்குக்குள் இருட்டு. இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை முதுகில் குத்தியது.

"வா," என்றது மிக்ஸி ஜார். "ஒன்ன எதுக்குப் போட்டாங்க?"

"எனக்கு ஒண்ணும் ஆகல! நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"வந்த ஒடன எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம்," என்றது ஜார்.

வெளியே சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பழைய சாமான்காரர் தெருமுனைக்கு வந்துவிட்டார். ஏழுகடல் வயிற்றைப் பார்த்து, "கப்பல் பத்திரமா?" என்று கேட்டது. பதில் இல்லை. கேட்கவே கூடாத அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வாயெடுத்தபோது, ஒரு கை சாக்குக்குள் துழாவி அதை வெளியே தூக்கியது.

கிரேஸிதான். ஜன்னல் வெளிச்சத்தில் பல்வரிசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏல, இது தூசி இல்ல. களிம்பு. பச்சையா ஏறிக் கெடக்கு பாரு."

"களிம்பு எப்படி ஏறிச்சு?"

"எல்லாம் நம்ம எச்சிலுதாம்ல. வருஷாவருஷம் ஊதி ஊதி நாமளே நனைச்சு வச்சிருக்கோம்." அவள் மேஜை டிராயரை இழுத்து எதையோ தேடி எடுத்தாள். ஏழுகடல் அதைப் பார்த்ததும் மூச்சை நிறுத்திவிட்டது. பென்சில் எழுத்தை அழிக்கிற வெள்ளை ரப்பர்!

"வேண்டாம்! அழிச்சிராத!"

"சத்தம் போடாத," என்றது ரப்பர். "எழுத்து இருந்தா எழுத்த அழிப்பேன், களிம்பு இருந்தா களிம்ப அழிப்பேன். ஒன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆடாம இரு."

ரப்பர் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தது. பச்சைத் துகள்கள் கிரேஸியின் மடியில் உதிர்ந்தன. வலித்தது, ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பற்களுக்கு உணர்ச்சி திரும்பி வந்தது. வாசலில் சாமான்காரர் குரல் கொடுத்தார். "கொஞ்சம் நில்லுங்கண்ணே," என்று சொல்லிவிட்டுக் கிரேஸி கேசட்டைச் செருகினாள்.

திரையில் கடல் விரிந்தது. நீலக்கடல், வெள்ளைப் பாய், அந்தப் பழைய பாட்டு. செல்வின் "ஏ!" என்று கத்திவிட்டான்.

பாட்டு முடிந்து வரிகள் வந்தன. வரிகள் அல்ல, வரி. 'புதிய ஆட்டம்'. அதன் கீழே வெறும் நீலம்.

செல்வின் பொத்தானைக் கீழே கீழே அமுக்கினான். இறங்குவதற்கு வரி இல்லை.

"தொடரவும் எங்கக்கா?"

"போயிட்டுல," என்றாள் கிரேஸி. "உள்ள இருக்க பேட்டரி எப்பமோ தீந்திருக்கும்."

"யாரும் அழிக்கலையே. யாரும் கப்பலத் தொடக்கூட இல்லையே."

"தொடலைல்லா. அதாம்." அவள் ரப்பரைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு லீவுக்கும் இத முடிச்சிரணும்னுதான் ஓடி ஓடி வருவேன். மொதல்ல இதத்தான எடுப்போம்? அந்த ஏழாவது கடல்ல என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

ஏழுகடல் அதைக் கேட்டது. கட்டைவிரல் அன்று மேல்வரியில் நின்றது, கீழ்வரிக்கு இறங்கத்தான் என்று அதற்கு இப்போது புரிந்தது. அவர்கள் வருஷாவருஷம் வந்து தட்டியது கப்பலைக் கொல்ல அல்ல, அதில் ஏறிப் போக. உள்ளே கப்பல் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை அது கதவைத் திறந்திருந்தால் போதும்.

"பேட்டரி!" என்று கூப்பிட்டது. "பேட்டரி!" இரண்டாவது தடவையும் கூப்பிட்டுவிட்டது. வயிற்றுக்குள் ஒரு சத்தமும் இல்லை. எத்தனை டிசம்பருக்கு முன்னால் அந்தக் கடைசி 'ம்' வந்தது என்று யோசித்துப் பார்த்தது. நினைவில்லை.

வாசலில் சாமான்காரர், "சாக்க எடுத்துக்கிடவா?" என்றார்.

செல்வின் அக்காவைப் பார்த்தான். கிரேஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாக்கக் குடுத்துரு. இது கெடக்கட்டும். அமுக்குல," என்றாள்.

அவன் அமுக்கினான். கரையில் ஒரு சின்னக் கப்பல் வந்து நின்றது. ஓட்டை உடைசல் கப்பல், பாயில் கிழிசல். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது தட்டை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடும் என்பதால், எழுந்து போகும்போது டிவியை மட்டும் அணைத்தார்கள். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"கரண்ட் எப்ப வேணும்னாலும் போகும்," என்று சுவரில் செருகியிருந்த அடாப்டர் எச்சரித்தது. "போனா நான் பொறுப்பில்ல."

அதைக் கேட்டு ஏழுகடலுக்குப் பழைய நடுக்கம் அப்படியே திரும்பி வந்தது. பற்கள் தாமாகவே இறுகப் பார்த்தன. அது தன்னை அடக்கிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் சாயங்காலம், நாலாவது கடலின் நடுவில், கரண்ட் போனது.

"ஐயோ!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அப்புறம் இருட்டில் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் செல்வின் பழக்கதோஷத்தில் கேசட்டை உருவி, ஊதுவதற்கு வாயைக் குவித்தான். கிரேஸி அவன் கையில் சுள்ளென்று ஒன்று போட்டாள்.

"அப்படியே செருகுல."

திரையில் கடல் விரிந்தது. அடியில் ஒரே ஒரு வரி. ஏழுகடல் வெலவெலத்துப்போய், பயத்தோடு பயமாக, வாயைத் திறந்தே வைத்திருந்தது.