பொன்னோடு விட்ட தூண்

அந்தப் பொன் சுரங்கத்தில் நரிக்குழி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே பாறைக்கு நடுவே வெள்ளைக்கல் மெல்லிசான ஒரு வரியாக ஓடும். பொன் இருப்பது அந்த வரிக்குள்தான். வரியை மட்டும் கொத்திக்கொண்டே போவதால் சந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் இருக்காது. கூட்டி வெட்டினால் வெறுங்கல்லைத்தான் சுமக்க வேண்டும். ஆகவே ஆட்கள் படுத்துக்கொண்டே நுழைவார்கள், படுத்துக்கொண்டே கொத்துவார்கள். களியும் கருவாட்டுக் குழம்பும் ஒரு பிடி கூடுதலாகத் தின்றுவிட்டு இறங்கிய ஒருவன், போகும்போது எப்படியோ போய்விட்டு, வரும்போது மாட்டிக்கொண்டு, மறுபடி பசிக்கிற வரைக்கும் அங்கேயே கிடந்தானாம். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். அவன் வயிறு தேய்த்த இடம் கூரையில் இன்னும் வழவழவென்று இருக்கிறது.

நரிக்குழிக்கு இஸ்ரவேல்தான் மேஸ்திரி. அவரிடம் தொழில் பழகியவர் தீர்த்தமலை. வயதில் தீர்த்தமலை மூத்தவர்; மழை ஏமாற்றி நிலம் கைவிட்ட பிறகு, நரைத்த தலையோடு உளி பிடிக்க வந்தவர். அதனால் குரு சீடனை ‘அண்ணே’ என்பார். சீடன் குருவை ‘மேஸ்திரி’ என்பார்.

ஒரு நாள் நரிக்குழியின் கூரை இறங்கியது. உள்ளே தீர்த்தமலை தனியாக இருந்தார். ஆட்கள் கல்லை வாரிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, முன்னும் பின்னும் எல்லாம் சரிந்து, நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் மட்டும் அப்படியே இருந்தது. அதில் தீர்த்தமலை படுத்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மட்டும் மறந்திருந்தார்.

மறுநாள் சேவலோடு மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நின்றார் தீர்த்தமலை.

“இன்னாண்ணே, சேவலோட?”

“உங்களுக்குத்தான் மேஸ்திரி. உசுரைக் காப்பாத்திக் கொடுத்தீங்களே.”

“நானா? கூரை இறங்கறப்போ நான் மேல டீக்கடையில பன்னு தின்னுக்கிட்டிருந்தேன்.”

தீர்த்தமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. “முனீஸ்வரனுக்குத் தேங்கா உடைச்சிட்டேன். மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டேன். கல்லு வாரின பசங்க கையைப் புடிச்சு அழுதுட்டேன். அப்பவும் மனசு ஆறல. யாருக்கோ சொல்ல வேண்டியது மிச்சம் நிக்குது. அதைச் சொல்லாம இனிமே குழிக்குள்ள கால் வைக்க முடியாது மேஸ்திரி. யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

மேஸ்திரி சேவலை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அது என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாம். மத்தியானம் தெருவே மணத்தது.

“வாங்கண்ணே, ஆளைக் காட்டறேன்.”

“எங்க இருக்காரு?”

“உள்ளதான்.”

தீர்த்தமலையின் கால் பின்னால் போனது. ஆனாலும் மனிதர் சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் ஏறிவிட்டார்.

கீழே வழியைச் சீர்செய்து வைத்திருந்தார்கள். இருவரும் முழங்கையை ஊன்றி ஊர்ந்தார்கள். தீர்த்தமலை பிழைத்துக் கிடந்த இடத்தை ஒட்டி, தரைக்கும் கூரைக்குமாக வெட்டாத கல் ஒன்று கருப்பாக, குட்டையாக நின்றது. தினமும் அதன் பிதுக்கலில் சட்டையை மாட்டிவைத்தவர்தான் தீர்த்தமலை. ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கூரையில் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்த வெடிப்புகள் அந்தத் தூணருகே வந்து நின்றுபோயிருந்தன.

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டால் தூணில் படிந்த விளக்குக் கரியை அழுத்தித் துடைத்தார். விளக்கை அருகே பிடித்தார். வெள்ளைக்கல்லுக்குள் மஞ்சள்தூளை அள்ளி வீசினாற்போல் பொன்.

“அடேங்கப்பா! இம்மாம் பொன்னை எந்தக் கிறுக்கன் விட்டுட்டுப் போனான்?”

“நீங்க தேடற ஆளு அவருதாண்ணே.”

தீர்த்தமலை வெடுக்கென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையைத் தூணின்மேல் வைத்தார். கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

“அவரு பேரு இன்னா மேஸ்திரி?”

“தெரியாது. எங்க தாத்தா வேலைக்கு வந்தப்பவே இது இங்க நின்னுச்சாம்.”

“ஊரு?”

“தெரியாது.”

“புள்ளகுட்டி யாராவது இருந்தாலும் போதும்.”

“அதுவும் தெரியாதுண்ணே.”

“அப்ப நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?”

மேஸ்திரி உளியையும் சுத்தியலையும் அவர் பக்கம் நகர்த்தினார். சந்தின் முனையைக் கண்ணால் காட்டினார்.

தீர்த்தமலை ஊர்ந்து போய், ஒருக்களித்துப் படுத்து, கொத்த ஆரம்பித்தார். வேலைக்கு வந்த நாள் முதலாக அவர் பங்குக்கு வாய்த்த வரி நூலுக்கு அண்ணன், கயிற்றுக்குத் தம்பி. பொன் எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரி கேட்டால், பித்தளைக் குண்டானைக் காட்டிச் சமாளிப்பார். அன்றைக்கென்று பார்த்து வரி பருத்துக்கொண்டே போனது. ஒரு சில்லு தெறித்தது. உள்ளே மஞ்சள்.

“மேஸ்திரி! என் உளிக்கு! என் உளிக்குக் கிடைச்சிடுச்சு மேஸ்திரி!”

மேஸ்திரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடப்பாறையை எடுத்துக் கூரையைத் தட்டினார். கொஞ்சம் கொத்தி முன்னேறினால் மறுபடி தட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். கெட்டிக் கூரை ‘ணங்’ என்னும். இது ‘பொத்’ என்றது.

“நீங்களும் தட்டிப் பாருங்கண்ணே.”

தீர்த்தமலை தட்டினார். பொத். கொஞ்சம் தள்ளித் தட்டினார். பொத். குழந்தையின் கன்னத்தைத் தட்டுவது போலச் செல்லமாகத் தட்டினார். கூரை மசியவில்லை.

“மரமுட்டு கொடுத்துட்டு இதை வெட்டிக்கலாமே மேஸ்திரி?”

“தாராளமா. நாம வேலையை முடிச்சிட்டுப் போற வரைக்கும் மரம் தாங்கும்.”

“அதுக்கப்புறம்?”

மேஸ்திரி விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீர்த்தமலை பொன்னைப் பார்த்தபடியே கிடந்தார். ஒரு தடவை கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அப்புறம் உளியை எடுத்து ஒரு கை தள்ளி, வெறும் பாறையில் வைத்தார். பொன்னைத் தூணாக விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு வழி வெட்டலானார். வெட்ட வெட்ட அவர் மூச்சு நிதானப்பட்டது. பாட்டு ஒன்றைக்கூட முணுமுணுத்தார்.

திடீரென்று நிறுத்தினார்.

“பின்னாடி எவனோ ஒருத்தன் இங்க வருவான் மேஸ்திரி. இம்மாம் பொன்னை விட்டுட்டுப் போயிருக்கானேன்னு என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவான்.”

“திட்டட்டும்ண்ணே” என்றார் இஸ்ரவேல். “திட்டறதுக்கு மூச்சு இருக்கும்ல அவனுக்கு.”