வளையல்காரி மக கை

ஒரு ஊர்ல ஒரு வளையல்காரி இருந்தாளாம். பேரு செங்கமலம். ம் கொட்டணும், கொட்டலேன்னா நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்குவேன். ம்... அப்படித்தான்.

அந்தச் செங்கமலத்தோட கைக்கு அப்படியொரு பக்குவம். எவ்வளவு தடிச்ச கையா இருந்தாலும் சரி, கதிரறுத்துக் காப்புக் காய்ச்சின கையா இருந்தாலும் சரி, தூக்கி மடியில வச்சுக்கிட்டு, மருமக எப்படி இருக்கா, மாடு கன்னு போட்டுச்சான்னு பேச்சுக் குடுப்பா. பேசிக்கிட்டே கட்டைவிரலை உள்ள மடக்குவா. சர்ருனு வளையல் ஏறிடும். கையைக் குடுத்தவளுக்கு ஏறினதே தெரியாது. பூ பட்ட மாதிரி இருக்குன்னு ஊரே சொல்லும். அதுல அவளுக்குப் பெருமைன்னா கொஞ்சநஞ்சப் பெருமை இல்ல. வளையல் கூடையோட சேர்த்து அதையும் தலையில வச்சுக்கிட்டுத்தான் தெருத்தெருவா போவா.

அவளுக்கு ஒரே மக, தவமணி. ஏழு வயசு. இந்தப் புள்ள எப்படின்னா, பாவாடை நாடா உரசினா அழுவா. தலையில சீப்புப் பட்டா வீட்டை ரெண்டாக்கிடுவா. தெருமுனையில மேளம் டும்முனு கேட்டாப் போதும், ஓடிப்போய் நெல்லு மூட்டைக்கும் சுவத்துக்கும் நடுவுல தன்னைத் திணிச்சுக்குவா. அங்க போயிட்டா அடங்கிடுவா. பிடிவாதம்னு சிலபேர் சொன்னாங்க. நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னாங்க. ஒருத்தி காத்துக்கருப்புன்னே முடிவு பண்ணிட்டா. எல்லாரும் சொன்னதையும் செங்கமலம் கேட்டா. புள்ள சொன்னதை மட்டும் கேக்கல.

ம்? ஆமா, வரேன், அதுக்குத்தான் வரேன்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஆடிப்பூரத்தன்னிக்கு அம்மனுக்கு வளையல் சாத்துவாங்க. சாத்தி முடிச்சதும் அடுத்த டஜன் வளையல்காரி மக கையிலதான் ஏறணும். மகளுக்கு ஏழு வயசு ஆயிட்டா தப்பிக்கவே முடியாது. அந்தக் கையில உடையாம ஏறினாத்தான் மத்த பொம்பளைங்க கையை நீட்டுவாங்க. தவமணிக்கு அந்த வருஷம் முறை வந்துருச்சு. சரி, இப்பயே பழக்கிடுவோம்னு அம்மாக்காரி கிளம்பிட்டா.

மொதல்ல ஒரு நாள், சோப்பு நுரை தடவி, கதை பேசிக்கிட்டே ரெண்டு கண்ணாடி வளையலை ஏத்திட்டா. நடந்தா கிணுகிணு. சாப்பிட்டா கிணுகிணு. புள்ள கையை உதறு உதறுன்னு உதறிக்கிட்டு வந்து நின்னா.

"அம்மா, இது பேசிக்கிட்டே இருக்கு. நிறுத்தச் சொல்லு."

செங்கமலம் சிரிச்சுட்டா. பக்கத்து வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிச் சிரிச்சா. அப்புறம் பாத்தா, புள்ள கிணத்தடிக் கல்லுல கையை அடிச்சு ரெண்டையும் நொறுக்கியிருந்தா.

அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? மத்தியானம் புள்ள தூங்கறப்போ நைசா ரப்பர் வளையலைப் போட்டுவிட்டா. சத்தம் வராதாம். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம். ஆனா லேசா உரசுமே? புள்ள எறும்பு எறும்புன்னு வீல்னு கத்திக்கிட்டு எந்திரிச்சா. அன்னியிலேர்ந்து அம்மா பக்கத்துல இருந்தா அவ கண்ணே மூட மாட்டா.

அப்பவாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாம் சாமி, யாரும் அவ கழுத்துல கத்தி வைக்கல.

அப்போ ஆடிப்பூரமும் வந்துருச்சு. கோயில் வாசல்ல ஈ நுழைய இடமில்ல. மேளம் டமடமங்குது, மணி டணார் டணார்ங்குது. தவமணி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிக்கறா. அம்மனுக்குச் சாத்தியாச்சு. எல்லார் கண்ணும் செங்கமலம் மேல. ஊருக்கெல்லாம் போடுறவளுக்குப் பெத்த புள்ளைக்குப் போடத் தெரியலையான்னு பின்னாலேர்ந்து யாரோ கேட்டாங்க. அவளுக்குச் சுர்ருன்னு கோவம் ஏறிடுச்சு. காதைப் பொத்தியிருந்த கையை வெடுக்குன்னு இழுத்தா. சோப்பும் இல்ல, பேச்சும் இல்ல. விரலை மடக்கி ஒரே தள்ளு. புள்ள கையை முறுக்கிக்கிட்டா. சிலீர்னு ஆறு வளையல் உடைஞ்சு மணிக்கட்டுல இறங்கிடுச்சு.

பயப்படாத, அந்தக் காயம் பத்து நாள்ல ஆறிடுச்சு.

ஆனா புள்ள அழல. சீப்புப் பட்டா ஊரைக் கூட்டுறவ, வாயே திறக்கல. ரெண்டு கையையும் அக்குள்ல இடுக்கிக்கிட்டு அம்மாவையே பாத்துக்கிட்டு நின்னா.

அதுக்கப்புறம் அம்மா கிட்ட வந்தாலே அந்தக் கை ரெண்டும் அக்குளுக்குள்ள ஓடிடும். ரோடு தாண்டக்கூடக் கையைப் பிடிக்க விட மாட்டா. ஊர்ல இருக்கற அத்தனை கையும் செங்கமலம் மடிக்கு வருது, பெத்த புள்ள கை வரல.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ ஒரு நாள் அவ வாசல்ல நின்னு பாக்கறா. தவமணி அரை மூட்டை நெல்லைத் தன் காலு மேல இழுத்துப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடி, அவ்வளவு நிம்மதியா உக்காந்திருக்கா. செங்கமலத்துக்கு அப்பத்தான் விளங்கிச்சு. லேசாப் பட்டாத்தான் இவளுக்கு எரியுது. கனமா இருந்தா அடங்குது. ஊரே மெச்சின அந்தப் பூ மாதிரிக் கை இருக்கே, அதுதான் புள்ளையை எறும்பாக் கடிச்சிருக்கு. ஏழு வருஷம் கண்ணு முன்னாடி நடந்தது, பாக்கல. தன் தலையில தானே அடிச்சுக்கிட்டா.

அன்னிக்கே, இனி இது கிணுகிணுக்கக் கூடாதுன்னு, தன் கையில இருந்த வளையலை ஒண்ணொண்ணாக் கழட்டிட்டு மணிக்கட்டுல மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டா. புருஷன் கல்லுடைக்க வெளியூர் போயிருந்தான். அவன் நல்லாத்தானே இருக்கான்னு ஊரே வந்து விசாரிச்சுது. விசாரிக்கட்டும்னு விட்டுட்டா. தினம் மத்தியானம் சாப்பிட்டதும் பாயில படுத்து ஒரு கையை நீட்டி வச்சுக்குவா. வான்னு கூப்பிட மாட்டா. புள்ள தூரத்துலேர்ந்து பாக்கும். வராது. தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு, அடுத்த ஆடியும் வந்துருச்சு. கோயில்ல வேற ஊரு வளையல்காரி மகளுக்குப் போட்டாங்க. செங்கமலம் அந்தப் பக்கமே போகல.

அன்னிக்கு மத்தியானம் புள்ள வந்துச்சு. நீட்டின கை மேல முதுகை வச்சு, உடம்பு பாரம் மொத்தத்தையும் இறக்கிப் படுத்துக்கிச்சு. கொஞ்ச நேரத்துல செங்கமலத்துக்குக் கை மரத்துப் போச்சு. விரல் ஜிவ்வுஜிவ்வுன்னு வலிக்குது. அவ அசையல.

"அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி"ன்னா.

புள்ள தூங்கிப் போயிருந்துச்சு. கேக்கல.

என்ன கேக்கற? அப்புறம் கையைக் குடுத்தாளான்னா? இல்ல கண்ணு. முதுகைக் குடுத்தா. தலையைக் குடுத்தா. வளர்ந்து கல்யாணமும் ஆச்சு. அந்தக் கையை மட்டும் அம்மாகிட்டக் குடுக்கவே இல்ல. அம்மாவும் கேக்கல.

அவ்வளவுதான், கதை படுத்துருச்சு, நீயும் படு. போர்வை குத்துதுன்னா சொல்லு, எடுத்துடறேன்.